லாபான்கூடக் கேட்டான்

ஒரகடம்,
20.1.1991

கிறிஸ்துவுக்குள் தங்கை மெர்சிக்கு அண்ணன் கிதியோன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான், லீலா, உன் மகள் ஷாரோன் மூவரும் சுகம். பம்பாயில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சந்தோஷமான செய்தி. ஷாரோனுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டேன். மாப்பிள்ளை அந்நியம் இல்லை, லீலாவின் அக்காள் மகன் டில்லிபாபு. மணிமங்கலத்தில் சொந்த வீடு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் சூபர்வைசர், பெர்மனென்ட். குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஈஸ்டர் கழிந்தபின் ஆலயத்தில் ஓலை வாசித்து, ஜூன் மாதம் கல்யாணம். பாஸ்டர் ஐயர் நம் ஊருக்கு மாதம் ஒருமுறைதான் வருகிறார். அதனால் இன்னாருக்கும் இன்னாளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறும் ஓலை வாசிப்பது உபதேசியாராகிய என் பொறுப்பு.

போன ஞாயிறு ரெபெக்காளை வைத்துப் பிரசங்கம் பண்ணினேன். கிணற்றடியில் ஒட்டகங்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு ஊற்றியவள், முகம் தெரியாத மாப்பிள்ளைக்கு மறுபேச்சுப் பேசாமல் புறப்பட்டாள். நம் ஷாரோனும் அந்த ரகம்தான். முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்து கேட்டாள்.

நீ கல்யாணத்துக்கு வர வேண்டாம். குழந்தையை விட்டுவிட்டு ரயிலேறியவள் இத்தனை வருஷம் கழித்துப் பட்டுப்புடவையில் வந்து நின்றால் ஊர் வாயை யார் மூடுவது? அங்கிருந்தே ஜெபித்துக்கொள்.

இப்படிக்கு,
கிதியோன்

---

பம்பாய்,
8.2.1991

அண்ணன் அவர்களுக்கு மெர்சி எழுதுவது. நான் சுகம். அண்ணி சுகமா? நான் பார்த்துக்கொள்ளும் ஃப்ளோரா ஆன்ட்டிக்குத்தான் கால் வீக்கம் குறையவில்லை. ஆன்ட்டி இந்த ஊர் யூதர், ரிட்டயர்டு டீச்சர். படுக்கையில் இருந்துகொண்டே வீட்டைக் கட்டி மேய்ப்பார். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு சுவரில் போய் விழும்.

கல்யாணச் செய்தி கிடைத்தது. மாப்பிள்ளையின் வேலை, வீடு, பழக்கவழக்கம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஷாரோன் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. அவளைக் கேட்டீர்களா?

உங்கள் பிரசங்கத்தை ஆன்ட்டிக்கு இந்தியில் சொன்னேன். “உன் அண்ணன் அதிகாரத்தை முடிக்காமலே புத்தகத்தை மூடிவிட்டான்” என்று சிரித்தார். நம் வேதத்தைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். மாப்பிள்ளை வீட்டுக்காகப் பெண் கேட்டு வந்த வேலைக்காரனோடு அனுப்புவதற்கு முன்னால் ரெபெக்காளின் அண்ணனும் அம்மாவும் அவளைக் கூப்பிட்டு, நீ இவரோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்று அவள் தன் வாயால் சொல்கிறாள்.

பேசவேண்டிய அப்பா எங்கே போனார்? யூதப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்களாம். அண்ணன் லாபான், பெண் கேட்டு வந்தவனுக்கு விஷம் கலந்த தட்டை வைத்தான். தட்டு மாறிப்போய் அப்பா பெத்துவேல் சாப்பிட்டுச் செத்தார். விடிந்தபோது ரெபெக்காள் தகப்பன் இல்லாத பெண். அதனால்தான் அவளைக் கேட்டார்கள். தகப்பன் இல்லாத பெண்ணை அவள் வாயால் கேட்காமல் கட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட சட்டம்.

ஷாரோனுக்கும் தகப்பன் இல்லை. கேட்டு எழுதுங்கள்.

தங்கை,
மெர்சி

---

ஒரகடம்,
25.2.1991

மெர்சிக்கு,

நாங்கள் சுகம். சுகமாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லை என்று தெரிகிறது.

சாத்தான் வேதம் ஓதுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போது தபாலில் பார்க்கிறேன். விஷத் தட்டாம், தட்டு மாறிற்றாம்! எந்த அதிகாரம், எந்த வசனம்? இருபது வருஷமாக நான் வாசிக்கிற புத்தகத்தில் அப்படி ஒரு தட்டும் இல்லை, கிண்ணியும் இல்லை. ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாதவர்கள் வீட்டில் பெட்பேன் எடுக்கப் போனவள் அவர்கள் சொல்லும் கட்டுக்கதையை எனக்கே போதிக்க வந்துவிட்டாய்.

உன் கடிதத்தை மாலை ஜெபம் முடிந்ததும் வழக்கம்போல வீட்டில் சத்தமாக வாசித்தேன். அந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான்.

ஷாரோனை என்ன கேட்பது? அவளுக்குச் சோறு போட்டது யார், பிளஸ் டூ வரை படிக்கவைத்தது யார்? நீ போன மறு ஞாயிறு நான் லோத்தின் மனைவியைப் பற்றிப் பேசியது இந்த ஊருக்கு இன்னும் நினைவிருக்கிறது. விட்டுவிட்டுப் போனவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தவள் உப்புத்தூண் ஆனாள். இந்தப் பக்கம் திரும்பாதே.

கிதியோன்

---

பம்பாய்,
10.3.1991

அண்ணன் அவர்களுக்கு,

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். உங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் வராது.

விஷத் தட்டு நம் வேதத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டது இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள், உபதேசியாரே? என்னைப் பெட்பேன் எடுப்பவள் என்று எழுதினீர்கள். ஆமாம், எடுக்கிறேன். நம் ஆண்டவரைப் பெற்றவளும் இவர்கள் வீட்டுப் பெண்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி ஓய்வுநாளுக்கு ஏற்றுவதுபோலத்தான் விளக்கேற்றியிருப்பாள். அதையும் பிரசங்கத்தில் சொல்லுங்கள்.

லாபானை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இளைய மகளைக் காட்டி மூத்தவளைக் கட்டிவைத்தவன். சொந்த மருமகனின் கூலியில் கை வைத்தவன். ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்கு அயோக்கியன் என்று அவனைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த லாபான்கூடக் கேட்டான். நீங்கள் கேட்கவில்லை. ஷாரோனையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

அப்பா செத்த வருஷம், எனக்குப் பதினேழு வயது. என் கல்யாண ஓலை மூன்றையும் நீங்கள்தான் வாசித்தீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நீங்கள் கட்டிவைத்த அந்த மனிதர் உடைத்த கையைத் துப்பட்டியில் கட்டிக்கொண்டு, ஒரு மத்தியானம் உங்கள் வாசலில் வந்து நின்றேன். தண்ணீர் கொடுத்தீர்கள். நான் குடித்து முடித்ததும் சைக்கிளில் உட்காரவைத்து அவரிடமே திரும்பக் கொண்டுபோய் விட்டீர்கள். இதையும் மாலை ஜெபத்தில் சத்தமாக வாசியுங்கள்.

மெர்சி

---

ஒரகடம்,
22.4.1991

மெர்சி அம்மா அவர்களுக்கு ஷாரோன் எழுதுவது.

நலம். அங்கே நலமா என்று கேட்க வேண்டும் என்பார்கள். கேட்கிறேன்.

உங்களுக்கு எழுத எனக்கு இஷ்டம் இல்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன். போன ஞாயிறு உங்களால் எனக்கு ஆலயத்தில் அவமானம். மாமா பிரசங்கம் முழுக்க உங்களைத்தான் திட்டினார். பெயர் சொல்லவில்லை, “பம்பாயிலிருந்து ஒரு கள்ள உபதேசம் வந்திருக்கிறது” என்றார். அது எப்படிக் கள்ளம் என்று காட்டுவதற்காக முழுக் கதையையும் சொன்னார். விஷத் தட்டு, செத்த அப்பா, தகப்பன் இல்லாத பெண்ணைக் கேட்க வேண்டும் என்ற சட்டம், ஒன்று விடாமல். பிறகு, “வேதத்தில் உள்ளது இவ்வளவுதான்” என்று சொல்லி அந்த வசனத்தையும் சத்தமாக வாசித்தார். பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்ட வசனம். வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. சட்டென்று புத்தகத்தை மூடி, பாட்டு நம்பர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் கங்கம்மாள் ஆயா, “அப்போ அந்தப் பொண்ண நெசமாவே கேட்டாங்களா? எங்கள எவன் கேட்டான்?” என்று பம்படி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்று பெண்கள் சிரிக்கிறார்கள். வீட்டில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

டில்லிபாபு மாமா கெட்டவர் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். “புடிக்கலன்றது ஒரு காரணமாடி?” என்று அத்தை கேட்கிறார்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அத்தனை தூரத்திலிருந்து எனக்காக இவ்வளவு சண்டை போடுகிறவர், அன்றைக்கு என்னை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?

ஷாரோன்

---

பம்பாய்,
3.5.1991

என் ஷாரோனுக்கு அம்மாவின் முத்தங்கள். நீ கேட்டது கோபத்தில்தான் என்றாலும் கேட்டுவிட்டாய். நான் சுகம், கண்ணு.

உன் மாமா என்னை லோத்தின் மனைவி என்பார். ஆன்ட்டியிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு ஒரு பெயரே இருக்கிறதாம், ஈதித். சோதோம் எரிந்தபோது லோத்து கூட்டிக்கொண்டு போனது கல்யாணம் ஆகாத பெண்களை மட்டும். கட்டிக்கொடுத்த பெண்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். அவர்கள் பின்னால் வருகிறார்களா என்று பார்க்கத்தான் அவள் திரும்பினாளாம். வீட்டையும் பாத்திரத்தையும் பார்க்க இல்லை. இதைக் கேட்டு நான் அழுததில் ஆன்ட்டி பயந்துபோய், டீ போடு என்று விரட்டினார்.

நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஏன் போனேன் என்பதை நான் எழுத மாட்டேன். நான் எழுதினால் அது என் பக்கத்து நியாயம். உன் மாமாவைக் கேள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

பிடிக்கவில்லை என்பது காரணம்தான்.

அம்மா

---

ஒரகடம்,
30.5.1991

மெர்சிக்கு,

உயிரோடு இருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். பஸ் ஓடவில்லை, எங்கே பார்த்தாலும் போலீஸ். வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகிறவர்களைக்கூட நிறுத்தி விசாரிக்கிறார்கள். முதல் ஓலை 19ஆம் தேதியே ஆயிற்று. போன ஞாயிறு ஆலயத்தில் ஆளே இல்லாததால் இரண்டாவது தள்ளிப்போனது. வருகிற ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் மீதியை வாசித்து முடிப்பேன். நீ தலைகீழாக நின்றாலும் வாசிப்பேன்.

ஷாரோனுக்கு என்ன எழுதினாய்? சாப்பிட உட்கார்ந்தவன் முன்னால் வந்து நின்று, “எங்கம்மா இன்னாத்துக்கு மாமா போனாங்க?” என்று கேட்டாள். இத்தனை வருஷம் கேட்காத பெண். நான் எழுந்து கை கழுவிவிட்டேன்.

இனி அவளுக்கு எழுதாதே. எழுதினால் கிழித்துப்போடுவேன்.

கிதியோன்

---

ஒரகடம்,
11.6.1991

மெர்சிக்கு,

சந்தோஷப்படு. நீ நினைத்தது நடந்துவிட்டது.

மூன்றாம் ஓலையில், தடை தெரிந்தவர்கள் உண்டா என்று வாசித்து முடிக்கும் முன்னே பெண்கள் பக்கத்திலிருந்து உன் மகள் எழுந்து நின்றாள். மணிமங்கலத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த நாள். கல்யாணம் நின்றுவிட்டது. டில்லிபாபு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். லீலா என்னோடு பேசுவதில்லை, அக்காள் வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது என்று அழுகிறாள். சபைக் கமிட்டி என்னைக் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறது. உபதேசியார் வேலை நிலைக்குமா தெரியாது. உன் ஆன்ட்டிக்கும் சொல்லு, சிரிக்கட்டும்.

பெண் இங்கே இருக்க முடியாது. நம் தெருக் கன்னியப்பனும் அவர் மனைவியும் பம்பாய்க்குக் கிளம்புகிறார்கள், அவர்களோடு தாதர் எக்ஸ்பிரஸில் அனுப்புகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொள். ரயிலில் அவளுக்குச் சளி பிடிக்கும், போர்வை வைத்திருக்கிறேன்.

இத்தோடு உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை.

கிதியோன்

---

பம்பாய்,
24.6.1991

அண்ணன் அவர்களுக்கு,

ஷாரோன் நல்லபடியாக வந்து சேர்ந்தாள். போர்வை பத்திரம். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். ஆன்ட்டியிடம் மட்டும் தெரியாத இந்தியில் ஓயாமல் பேசுகிறாள். இரண்டு பேரும் குழம்பு உப்புக்காக நேற்றுச் சண்டை போட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். என் கடிதத்தை வாசிக்கும்போது விட்டீர்களே, அதுபோல. ஷாரோன் சொன்னாள்.

அவள் எழுந்து, “தட எனக்குத்தான் கீது மாமா” என்றதும் ஆலயம் முழுக்கச் சத்தம். “இன்னாடி இது, உக்காரு” என்று அண்ணி கையைப் பிடித்து இழுத்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர், பெண் சொல்வது தடையில் சேராது, மேலே வாசியுங்கள் என்றார். நீங்கள் வாசிக்கவில்லை. ஓலையை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, “எல்லாம் சும்மா இருங்க. அப்பன் இல்லாத பொண்ணு, அவளக் கேக்கணும்” என்றீர்கள். பிறகு இறங்கி அவள் முன்னால் போய் நின்று, “ஷாரோன், நீ இவரோட போறியா?” என்று கேட்டீர்கள். அவள் “போவமாட்டேன்” என்றாள். “அப்ப கல்யாணம் இல்ல” என்று சொன்னது நீங்கள்தான். கமிட்டி விசாரிக்கப்போவதும் அதற்காகத்தான்.

நான் உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இதைக் கேட்டபிறகு எனக்கு இன்னும்தான் ஆத்திரம். கேட்கத் தெரிந்தவர்தானே நீங்கள்? என் ஓலையில் அந்த வாய் எங்கே போயிற்று?

மெர்சி

---

ஒரகடம்,
2.8.1991

மெர்சிக்கு,

சுகமா? ஷாரோனுக்குச் சளி விட்டதா?

கமிட்டி என்னை ஆறு மாதம் பிரசங்கம் பண்ணக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறது. ஞாயிறுகளில் கடைசி வரிசையில் உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் ஓலை வாசிப்பவர் முகம் தெரிவதில்லை, தூண் மறைக்கிறது. எனக்கு இது தெரியாது.

அன்றைக்கு உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அண்ணன்

---

பம்பாய்,
19.8.1991

அண்ணே,

நான் சுகம். ஷாரோனுக்குச் சளி இல்லை. வருகிற மாதம் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டிரெயினிங் சேருகிறாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள். அண்ணி பேச ஆரம்பித்துவிட்டார்களா?

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலைந்து தாள் கிழித்தேன். போகமாட்டேன் என்று சொல்லியிருப்பேன் என்று எழுதி உன்னைக் குத்தத்தான் ஆசை. இத்தனை வருஷமும் அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அது பொய்.

போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். நீ எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்த வயது.

ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும், அண்ணே.

மெர்சி